பில் போட்ட நாள், பணம் வந்த நாள்: வடசென்னைச் சிறுதொழிலின் இரண்டு கணக்குகள்

2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் நிறுவனம் தன் எண்ணூர் ஆலைக்கு அந்த மாதத்தில் மட்டும் 16 நாட்கள் உற்பத்தி இல்லை என்று அறிவித்தது. நாடெங்கும் லாரி விற்பனை சரிந்திருந்த நேரம். இப்படி ஒரு பெரிய ஆலை பாதி மாதம் நின்றால், அந்த ஆலைக்குப் புஷ்ஷும் பின்னும் பிராக்கெட்டும் கடைந்து கொடுக்கும் பட்டறைகளுக்கு ஆர்டர் வறண்டுபோகும். ஆனால் அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு பட்டறையின் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு கதை தெரியும். ஜூன், ஜூலையில் அனுப்பிய சரக்குக்கான பணம் அப்போதுதான் வந்து சேரும். புது வேலை இல்லாததால் இரும்பு வாங்கும் செலவு இருக்காது, ஓவர்டைம் இருக்காது. வரவு கூடி, செலவு குறைந்து, கையில் காசு புரளும். தொழில் சரியத் தொடங்கிய மாதம் ரொக்கப் புத்தகத்தில் நல்ல மாதமாகப் பதிவாகும்.

ஆர்டர் திரும்பும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். இரும்பு வாங்க வேண்டும், ஆள் போட வேண்டும், கரண்ட் பில் ஏறும். விற்ற சரக்குக்குப் பணம் வரவோ இன்னும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். தொழில் எழுந்து நிற்கும் நேரத்தில் ரொக்கப் புத்தகம் நஷ்டம் காட்டும். அதே பட்டறையின் கணக்கைப் பில் தேதியை வைத்து எழுதினால், சரிவு சரிவாகவும் எழுச்சி எழுச்சியாகவும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு லாபம் என்று காட்டும் தொகையை வைத்துச் சனிக்கிழமை கூலி கொடுக்க முடியாது.

பணம் கைமாறும் நாளில் எழுதுவது ரொக்க முறை. பணம் எப்போது வந்தாலும் சரி, உரிமையோ பொறுப்போ உண்டான நாளில் எழுதுவது ஆடிட்டர்கள் மெர்க்கண்டைல் அல்லது அக்ருவல் என்று சொல்லும் முறை. எது நல்லது என்ற கேள்வியை எந்த முறையில் வரி குறையும் என்ற கோணத்தில் மட்டுமே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பில் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் நடுவில் கிடக்கும் நாட்களை யார் சுமக்கிறார்கள்? வடசென்னையின் துறைமுக, தொழிற்பகுதியை வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் தரும் தேர்வு

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பிரிவு 145இல், தொழில் வருமானத்தை ரொக்க முறையிலோ மெர்க்கண்டைல் முறையிலோ கணக்கிடலாம் என்றது. எதை எடுத்தாலும் அதை வழக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்பது நிபந்தனை. வரவை ரொக்க முறையிலும் செலவை மெர்க்கண்டைல் முறையிலும் எழுதும் கலப்பு முறை ஒரு காலத்தில் செல்லுபடியானது. 1995ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தம் 1997 ஏப்ரல் 1 முதல் அந்த வழியை அடைத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பழையதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த இருவழித் தேர்வு தொடர்கிறது. கீழே வரும் எண்கள் பழக்கத்திலிருக்கும் பழைய சட்டத்தின் எண்கள்.

தேர்வு எல்லோருக்கும் கிடையாது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி மெர்க்கண்டைல் முறையில்தான் கணக்கு வைக்க வேண்டும். தனிநபர் உரிமையாளர், கூட்டு வணிகம், எல்.எல்.பி. ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டில் ஒன்றை எடுக்கும் உரிமை இருக்கிறது. திருவொற்றியூர், காலடிப்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு ஓனரின் பேரிலோ அண்ணன் தம்பி பங்காளிகள் பேரிலோ நடப்பவை நிறைய. அவர்களுக்கு இந்தத் தேர்வு நிஜமானது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 44ஏடி பிரிவின்படி, 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள தனிநபரும் கூட்டு வணிகமும் விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் உச்சவரம்பு 3 கோடி. விவரமான புத்தகம் வைக்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. அதன் ஆபத்தும் அதுதான். வருமான வரித் துறைக்குப் புத்தகம் தேவையில்லை என்றானதும், தனக்கும் தேவையில்லை என்று ஓனர் நினைத்துவிடுகிறார்.

ஒரு லேத் பட்டறையின் மூன்று மாதம்

1946இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு ஷெட்டில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில்தான், எம்.ஆர்.எஃப். அங்கிருந்து வளர்ந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி அதற்கும் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இந்த ஆலைகளின் நிழலில் ஷெட்டுகள் பெருகின. அந்த வரிசையில் ஒரு லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

பிப்ரவரியில் 5,00,000 ரூபாய் சரக்குக்குப் பில் போடுகிறார் ஓனர். ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் சேர்த்துப் பில் தொகை 5,90,000. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வாங்கிய இரும்புக்கு 2,50,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டி 45,000 ரூபாயும் கையோடு கொடுத்தாகிவிட்டது. கூலி, கரண்ட், டூல் பிட் எல்லாம் சேர்ந்து 1,50,000. மார்ச் 20ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டிய நிகர ஜிஎஸ்டி, 90,000இல் 45,000 உள்ளீட்டு வரவு போக மீதி 45,000 ரூபாய். வாங்கிய கம்பெனி மே மாத நடுவில்தான் பணம் போடுகிறது.

மார்ச் 31 அன்று இரண்டு புத்தகமும் என்ன சொல்கின்றன? மெர்க்கண்டைல் முறையில் லாபம் 1,00,000 ரூபாய். ரொக்க முறையில், ஜிஎஸ்டியைத் தனியே ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 4,00,000 ரூபாய் நஷ்டம். இரண்டும் சட்டப்படி சரி. மே மாதம் பணம் வந்தபின் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆயுள் முழுவதையும் கூட்டினால் இரு முறைக்கும் வேறுபாடு இல்லை. எந்த ஆண்டில் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

ஆனால் இரண்டு புத்தகமும் நேராகச் சொல்லாத எண் ஒன்று இருக்கிறது. மார்ச் 20க்குள் ஓனரின் கையிலிருந்து வெளியே போனது 4,90,000 ரூபாய். அதை அவர் எங்கிருந்தோ புரட்டியிருக்க வேண்டும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தால் மூன்று மாதத்துக்கு 29,400 ரூபாய். மூன்று வட்டி என்றால் 44,100. ஒரு லட்சம் லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது வட்டிக்காரருக்குப் போய்விடும். விலை பேசும்போது இந்த நாட்களுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தாலொழிய, பட்டறை தன் லாபத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிக்குக் கடனுதவியாகக் கொடுத்திருக்கிறது.

ஆண்டின் கடைசி மாதங்களில் பில் தேங்குவது வழக்கமான தொழிலில் ரொக்க முறை வரிச்சுமையைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். வராத பணத்துக்கு வருமான வரி கட்ட வேண்டாம் என்பது சிறிய ஆளுக்குப் பெரிய நிம்மதி. இதற்கு எதிரிடையும் உண்டு. இரண்டு ஆண்டுப் பாக்கி ஒரே ஆண்டில் வசூலானால் வருமானம் மேல் வரி அடுக்குக்கு ஏறிவிடும். கம்பெனியே இரும்பு கொடுத்து ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். கம்பெனி மார்ச்சில் பில்லைத் தன் கணக்கில் ஏற்றும்போதே டிடிஎஸ் பிடித்துவிடும். ரொக்க முறையில் இருக்கும் பட்டறைக்கு அது அடுத்த ஆண்டு வருமானம். வருமான வரி விதி 37பிஏ-வின்படி, வருமானத்தைக் காட்டும் ஆண்டில்தான் அந்த டிடிஎஸ்ஸுக்கு வரவு எடுக்க முடியும். பிடித்த வரியைப் பட்டியலிடும் படிவம் 26ஏஎஸ் ஒரு தொகை காட்ட, ரிட்டர்ன் வேறு தொகை காட்டும். இதை முன்கூட்டியே குறித்து வைக்காதவருக்கு நோட்டீஸ் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

காசிமேட்டில் ஒரு பயணத்தின் கணக்கு

ராயபுரத்துக்குப் பக்கத்தில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகின் கணக்கு பயணத்துக்குப் பயணம் முடிகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவை ஏலத் தொகையிலிருந்து கழித்து, மீதியை உரிமையாளரும் தொழிலாளர்களும் பேசிய பங்கின்படி பிரித்துக்கொள்கிறார்கள். இது தூய ரொக்க முறை. பாடுபட்டவர் தன் பங்கைக் கையோடு வாங்கிப் போகலாம். யாரும் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கடலுக்குப் போகும் தொழிலில் இந்த நியாயத்துக்கு ஈடான வேறு முறை இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் படகுக்கு வயதாவது தெரியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுபோன அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றுவது, பலகை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது, வலை கட்டுவது எல்லாம் நடக்கும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்துவிடுகிறது. ஆண்டு முழுக்க ஓடித் தேய்ந்ததன் செலவு அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாதத்துக்குள் வந்து விழுகிறது. பங்கு பிரித்துக் கொண்டுபோன பணத்தில் அந்தச் செலவுக்கென்று எதுவும் எடுத்து வைக்கப்பட்டிருக்காது.

மெர்க்கண்டைல் முறையும் இதை முழுதாகத் தீர்த்துவிடாது. இன்னும் செய்யாத ரிப்பேரை எந்த முறையிலும் இந்த ஆண்டுச் செலவாக எழுத முடியாது. தேய்மானத்தை எழுதலாம், வருமான வரிச் சட்டம் ரொக்க முறையில் இருப்பவருக்கும் தேய்மானம் தருகிறது. ஆனால் தேய்மானம் ஆடிட்டர் தாளில் இருக்கும் எண். அதற்குச் சமமான பணம் தனியாக ஒரு கணக்கில் இருந்தால்தான் மே மாதத்தில் மெக்கானிக்குக்குக் கொடுக்க முடியும். அந்த ஏற்பாடு இல்லாதபோது, பிடிக்கும் மீனைத் தனக்கே ஏலம் விடக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சோடு முன்பணம் தரும் வியாபாரியிடம் போக நேர்கிறது. ரொக்கப் புத்தகத்தில் அந்த முன்பணம் வரவாக ஏறும். உண்மையில் அது இன்னும் பிடிக்காத மீனின் மேல் வாங்கிய கடன். கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் இல்லாத எந்தக் கணக்கிலும் இந்தக் கடன் மறைந்தே கிடக்கும்.

துறைமுகச் சாலையில் பிறர் பணம்

சென்னைத் துறைமுகமும், 2001இல் எண்ணூரில் தொடங்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் துறைமுகமும் இரண்டு வகைச் சிறுதொழிலை வளர்த்திருக்கின்றன. ஒன்று லாரி. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கு 44ஏஇ பிரிவு இருக்கிறது. மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 28 டன் வண்டிக்கு மாதம் 28,000; ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். வண்டி துறைமுக வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நின்றாலும், வாடகை பாக்கி நின்றாலும் எண் மாறாது. ரொக்கமும் அல்லாமல் மெர்க்கண்டைலும் அல்லாமல் எடையை வைத்துப் போடும் கணக்கு இது. வரிக்கு எளிது. ஆனால் எந்த வாடிக்கையாளரின் வாடகை லாபம் தருகிறது, எவர் வேலை டீசலுக்கே சரியாகப் போகிறது என்று அது சொல்லாது.

மற்றது கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்சி. இறக்குமதியாளருக்காக டெர்மினல் கட்டணம், ஷிப்பிங் லைன் கட்டணம், சில நேரம் சுங்க வரியைக்கூடத் தன் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வசூலிப்பது இவர்கள் வழக்கம். முன்பணம் வாங்கிக் கட்டுவதும் உண்டு. வங்கிக் கணக்கில் கோடிகள் ஓடும். அவர்கள் சம்பாத்தியம் அதில் சிறு துளியான ஏஜென்சி கட்டணம். ஏஜென்சித் தொழிலுக்கு 44ஏடி சலுகை கிடையாது, ஆகவே புத்தகம் கட்டாயம். அந்தப் புத்தகத்தில் பிறர் பணத்தையும் தன் பணத்தையும் பிரித்து எழுதாவிட்டால், எந்த முறையைப் பின்பற்றினாலும் லாபம் பொய்யாகிவிடும்.

சட்டம் யாருக்காகக் காத்திருக்கிறது

இரண்டு முறையின் நிறை குறைகளை இதுவரை தொழில் செய்பவரின் மேசையிலிருந்து பார்த்தோம். அரசும் வங்கியும் பெரிய கம்பெனியும் தங்களுக்கு எந்த முறையை வைத்துக்கொள்கின்றன என்று பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

ஜிஎஸ்டியில் தேர்வே இல்லை. வருமான வரிக்கு ரொக்க முறையில் இருப்பவரும் சரக்குக்குப் பில் போட்ட தேதியை வைத்தே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். வாங்கியவர் பணம் தராமலே போனாலும் கட்டிய வரியைத் திரும்பப் பெற நம் சட்டத்தில் வழியில்லை. வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அவர் எடுத்த உள்ளீட்டு வரவைத் திருப்ப வேண்டும் என்ற விதி உண்டு. அப்படித் திரும்பும் தொகை அரசுக்குப் போகிறதே தவிர, பட்டறைக்கு வருவதில்லை.

வங்கிகளுக்கோ வேறு நியாயம். கடன் வாங்கியவர் 90 நாளுக்கு மேல் தவணை கட்டாவிட்டால் அந்தக் கடன் வாராக்கடன் வகைக்குப் போகும். அதன்பின் வட்டியை வங்கி வசூலானால் மட்டுமே வருமானமாக எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதாவது பணம் வராது என்று தெரிந்ததும் வங்கி ரொக்க முறைக்கு மாறிக்கொள்கிறது. விவேகமான விதி அது. அதே 90 நாள் பாக்கி ஒரு பட்டறைக்கு நின்றால், ஜிஎஸ்டியில் அந்த விவேகம் அதற்குக் கிடைப்பதில்லை.

பெரிய கம்பெனிகளை அசைக்கச் சட்டம் எடுத்த முயற்சி 43பி பிரிவின் (எச்) உட்பிரிவு. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் குறு, சிறு தொழில்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இந்தக் கெடுவை மீறிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று 2023 நிதிச் சட்டம் சேர்த்தது; 2024 ஏப்ரல் 1 முதல் அது அமலில் உள்ளது. மெர்க்கண்டைல் முறையில் இருக்கும் பெரிய கம்பெனியை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரொக்க முறைக்கு இழுத்துக்கொண்டு வருகிறது இந்த உட்பிரிவு.

அதன் பலம் குறுகியது. ஜூனில் வாங்கிய சரக்குக்கு டிசம்பரில் பணம் கொடுத்தால், கெடு தாண்டியிருந்தாலும் ஆண்டு ஒன்றே என்பதால் கம்பெனிக்கு வரி இழப்பு இல்லை. மார்ச் 31 அன்று நிற்கும் பாக்கிக்கு மட்டுமே அது கடிக்கும். நடுத்தரத் தொழில்களுக்கும் வியாபாரிகளுக்கும் அது பொருந்தாது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாத பட்டறைக்குக் கைகொடுக்காது. வட்டியும் அசலும் கேட்டுக் குறு, சிறு தொழில் வசதி மன்றத்துக்குப் போகலாம். 2017 முதல் இணையம் வழியே மனு போடவும் முடியும். ஒரே கம்பெனியின் ஆர்டரை நம்பி ஓடும் பட்டறை அந்தக் கம்பெனியின் மேல் மனு போடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.

என்ன செய்யலாம்

ஓனர் செய்யக்கூடியது முதலில். வரிக்கு எந்த முறையை எடுத்தாலும், 44ஏடியில் இருந்தாலும், மாதம் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுத வேண்டும். கையிலும் வங்கியிலும் உள்ள பணம்; வரவேண்டிய பாக்கி, அதை 45 நாளுக்குள், 45 முதல் 90 நாள், 90 நாளுக்கு மேல் என்று பிரித்து; கொடுக்க வேண்டியது, அதில் ஜிஎஸ்டியும் வாங்கிய முன்பணமும் தனித்தனியே; கையிருப்புச் சரக்கு. இதோடு அடுத்த நான்கு சனிக்கிழமைக் கூலியையும் வைத்துப் பார்த்தால், ரொக்கப் புத்தகம் ஏமாற்றுகிறதா, மெர்க்கண்டைல் லாபம் ஏமாற்றுகிறதா என்று தெரிந்துவிடும். முதல் எண் ஏறி, பாக்கியும் ஆர்டரும் சேர்ந்து இறங்கினால், அது 2019 செப்டம்பர் போன்ற மாதம். கையில் இருக்கும் பணத்தை எடுத்து மெஷின் வாங்கும் நேரம் அது இல்லை.

இந்தத் தாள் கடன் வாங்கவும் உதவும். சிறுதொழில் கடனை ஆராய்ந்த நாயக் குழு பரிந்துரைத்த வழியில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் உண்டு. விற்றுமுதலையும் பாக்கியையும் எழுத்தில் காட்ட முடிந்தவர்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். முடியாதவர் மூன்று வட்டிக்குப் போகிறார். வங்கி வட்டிக்கும் வெளி வட்டிக்கும் உள்ள வேறுபாடுதான், ஒரு சிறுதொழிலுக்கு ஒழுங்கான கணக்கு தரும் நேரடி ஆதாயம்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு வரம்புக்குட்பட்ட சிறுதொழில், பணம் வந்த பிறகு ஜிஎஸ்டி கட்டத் தேர்வு வேண்டும். பிரிட்டனில் 13.5 லட்சம் பவுண்டு வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மதிப்புக் கூட்டு வரியை ரொக்க முறையில் கட்டலாம். ஆஸ்திரேலியாவில் 1 கோடி டாலருக்குக் குறைவான விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஜிஎஸ்டியிலேயே அந்த வசதி உண்டு. நமக்கும் இது புதிதல்ல. பழைய சேவை வரியில் 2012 முதல் 50 லட்சம் ரூபாய் வரை சேவை தரும் தனிநபரும் கூட்டு வணிகமும் பணம் வந்தபின் வரி கட்டலாம் என்றிருந்தது. ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் சலுகை கைவிடப்பட்டது.

இதற்கு எதிரான வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய ஜிஎஸ்டி அமைப்பு பில்லோடு பில்லைப் பொருத்திப் பார்த்து இயங்குகிறது. விற்றவர் பிறகு கட்டுவார், வாங்கியவர் முன்பே வரவு எடுப்பார் என்றால் நடுவில் அரசுக்கு இழப்பு வரும். போலி பில்லுக்கும் இடம் உண்டாகும். அதற்கு வழி, இப்படிப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குபவர் பணம் கொடுத்த பிறகே உள்ளீட்டு வரவு எடுக்கலாம் என்று வைப்பது. 180 நாள் விதி ஏற்கெனவே வரவையும் பணத்தையும் இணைத்திருக்கிறது. அந்த இணைப்பை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். அப்படி வந்தால் பெரிய கம்பெனிக்கும் சீக்கிரம் பணம் கொடுப்பதில் ஆதாயம் இருக்கும். மார்ச் மாதத்தில் மட்டும் கடிக்கும் 43பி(எச்) செய்யாத வேலையை அது மாதந்தோறும் செய்யும்.

இரண்டு முறைகளையும் எடை போட்டபின் நான் வந்து சேரும் முடிவு இது. தொழிலின் உடல்நிலையை அறிய மெர்க்கண்டைல் கணக்கு வேண்டும். அந்த மாதத்தைத் தாண்ட ரொக்கக் கணக்கு வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கும் ஓனர் பாதிக் கண்ணோடுதான் தொழில் செய்கிறார். வரியில் மட்டும், பணம் வராத சிறியவரிடம் கேட்பதை நிறுத்த வேண்டும். வங்கிக்குப் பொருந்தும் விவேகம் திருவொற்றியூர்ப் பட்டறைக்கும் பொருந்தும்.